ப்ளோயர் ரெசிஸ்டர் மூன்றாவது முறையாக எரிந்துவிட்டது: கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது?

பதிவு 1 – மதுரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டில் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். குமிழைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சாதாரண ஏ.சி.தான், ஃபேனுக்கு நான்கு வேகங்கள் உண்டு. கடந்த ஆண்டு சித்திரையில் முதல் மூன்று வேகங்களும் திடீரென்று நின்றுபோய், நான்காவது வேகத்தில் மட்டும் காற்று வந்தது. ஃபேனின் வேகத்தைக் குறைக்கும் மின்தடையான ப்ளோயர் ரெசிஸ்டர் போய்விட்டது என்று சொல்லிப் பணிமனையில் மாற்றிக் கொடுத்தார்கள். ஏழே மாதங்களில் அதே கோளாறு திரும்ப வந்தது. மறுபடியும் புதிய ரெசிஸ்டர் போடப்பட்டது. இந்த வைகாசியில் மூன்றாவது முறையாக எரிந்துவிட்டது. இந்த முறை க்ளவ் பாக்ஸைக் கழற்றி நானே எட்டிப் பார்த்தேன். ரெசிஸ்டரில் செருகியிருக்கும் கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியின்) ஒரு மூலை பழுப்பேறி உருகி, ரெசிஸ்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் கருகிய வாடை இன்னும் போகவில்லை.

டேஷ்போர்டைக் கழற்றி ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இத்தனை நாளில் ஃபியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. ஃபியூஸ் தாங்கும்போது ரெசிஸ்டர் மட்டும் ஏன் எரிகிறது?

பதிவு 2 – திருநெல்வேலி

என் காரிலும் ஏ.சி. ஃபேன் கோளாறுதான் என்று நினைக்கிறேன். வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெதுவெதுப்பான காற்று வருகிறது. காற்றின் வேகம் மட்டும் குறைவதில்லை. எனக்கும் ரெசிஸ்டர்தான் காரணமாக இருக்குமா?

பதிவு 3 – கோவை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

திருநெல்வேலி நண்பருக்கு முதலில் ஒரு தெளிவு. ஏ.சி. ஃபேன் என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு ஃபேன்களை. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்து உள்ளே காற்றைத் தள்ளுவது ப்ளோயர். ரேடியேட்டரை ஒட்டி, ஏ.சி. வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சரின் சூட்டை வெளியேற்றுவது முன்பக்க ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும்; நின்றவுடன் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஆகையால் உங்கள் கோளாறு முன்பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஏ.சி.யைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து, அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சில கார்களில் ஏ.சி. போட்டவுடனே அது சுற்றும். வேறு சிலவற்றில் குழாயில் அழுத்தம் சுமார் 1.5 மெகாபாஸ்கலுக்கு ஏறிய பிறகுதான் பிரஷர் சுவிட்ச் அதை ஓடவிடும். எனவே சில நிமிடங்கள் காத்திருந்து முடிவுக்கு வாருங்கள். இன்ஜின் நின்றிருந்தாலும் அந்த ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கக்கூடும் என்பதால், பேட்டரியின் மைனஸைக் கழற்றாமல் அதற்குள் கையை விடாதீர்கள்.

மதுரைத் தம்பிக்கு வருகிறேன். நான்காவது வேகத்தில் ரெசிஸ்டரின் சுருள்களுக்கு வேலை கிடையாது; மோட்டாருக்கு முழு மின்னழுத்தமும் நேரடியாகப் போகிறது. மற்ற மூன்று வேகங்களிலும் மின்னோட்டம் ரெசிஸ்டரின் சுருள்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். சுருள்களோடு தொடராக ஒரு வெப்ப ஃபியூஸும் இருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் அது அறுந்துவிடும். மூன்று வேகங்களும் ஒரே நேரத்தில் நின்றதென்றால், பெரும்பாலும் அறுந்திருப்பது அந்த வெப்ப ஃபியூஸ்தான். நான்கு வேகங்களும் நின்றிருந்தால் பெரிய ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார் என்ற வரிசையில் தேட வேண்டும். நடுவில் ஒரு வேகம் மட்டும் இல்லையென்றால் அந்தச் சுருளோ சுவிட்சின் அந்தக் காலோ (இணைப்பு முனையோ) போயிருக்கும். க்ளவ் பாக்ஸுக்கு அடியில் தட்டினால் ஓடி, பிறகு நின்றுபோகிறது என்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

ஆகையால் ரெசிஸ்டர் போனது உண்மை. மாற்றியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டில் மூன்று ரெசிஸ்டர்களை எரிக்கிற வண்டியில், எரிகிற பொருளை விட்டுவிட்டு எரிக்கிற பொருளைத் தேட வேண்டும். ஒயரிங்கில் இப்போதைக்குக் கையை வைக்காதீர்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை அளந்து சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொன்று. டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர்கள் இருந்தால் அவை ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரின் முனையையோ டெஸ்ட் லேம்பையோ வைக்கவே கூடாது.

பதிவு 4 – புதுச்சேரி

எனக்கும் இதுபோல் ஒரு தொல்லை இருந்தது. ஆனால் என் வண்டியில் ஃபியூஸே அடிக்கடி போனது. 30 ஆம்பியருக்குப் பதிலாக 40 ஆம்பியர் ஃபியூஸைப் போட்ட பிறகு மூன்று மாதங்களாக ஒரு தொந்தரவும் இல்லை.

பதிவு 5 – சேலம், பாலிடெக்னிக் விரிவுரையாளர்

புதுச்சேரி நண்பரே, தயவுசெய்து இன்றே அந்த 40 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டுப் பழைய பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை, மோட்டாரை அல்ல. தயாரிப்பாளர் அந்த ஒயரின் தடிமனைப் பார்த்துத்தான் 30 என்று வைத்திருக்கிறார். 40ஐப் போட்டால், ஒயரின் உறை இளகும்வரை அந்த ஃபியூஸ் பேசாமல் இருக்கும். டேஷ்போர்டுக்குள் உறை உருகி இரண்டு ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதங்களாகத் தொந்தரவு இல்லை என்பதற்கு, எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டீர்கள் என்பதே பொருள்.

ஃபியூஸ் எப்போது போகிறது என்பதே ஒரு தடயம். சாவியைத் திருப்பிய கணத்தில் போனால் எங்கோ ஒயர் உடலில் உரசி ஷார்ட் ஆகிறது. ஃபேனைப் போட்ட கணத்தில் போனால் மோட்டார் இறுகிச் சுற்ற முடியாமல் நிற்கலாம். பத்து நிமிடம் ஓடிய பிறகு போனால் மோட்டார் சுமையோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

மதுரை நண்பரின் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. சிறிய காரின் ப்ளோயர் முழு வேகத்தில் 14, 15 ஆம்பியர் இழுக்கும். அது தேய்ந்துபோய் 20க்கு மேல் இழுத்தாலும் 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் அந்த வழியில் உள்ள ரெசிஸ்டருக்கும் கப்ளருக்கும் அது பெரிய சுமை. 15க்கும் 30க்கும் நடுவே ஒளிந்திருக்கும் கோளாறு ஃபியூஸின் கண்ணில் படாது, அளந்தால்தான் தெரியும்.

பதிவு 6 – திருச்சி

கேபின் ஃபில்டரை யாரும் குறிப்பிடவில்லையே? ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்றை இழுக்க மோட்டார் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும். அதனால் ஆம்பியர் ஏறும். அதனால் ரெசிஸ்டர் எரியும். ஃபில்டரை மாற்றினாலே சரியாகிவிடும் என்பது என் கருத்து.

பதிவு 7 – சேலம், பாலிடெக்னிக் விரிவுரையாளர்

ஃபில்டரை நினைவூட்டியது மிகவும் சரி; ஆனால் காரணம் நேர்மாறானது. ப்ளோயரில் இருப்பது கூண்டு வடிவச் சக்கரம்; நடுவில் காற்றை உறிஞ்சி விளிம்பில் வீசுகிறது. வாயை அடைத்தால் அது தள்ளுகிற காற்றின் அளவு குறைகிறது. வேலை குறைவதால் மோட்டார் வேகமெடுக்கிறது, ஆம்பியரும் இறங்குகிறது. வீட்டில் வேக்குவம் கிளீனரின் குழாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள்: சத்தம் கீச்சென்று உயரும். மோட்டார் திணறினால் சத்தம் தாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா?

இருந்தாலும் அடைத்த ஃபில்டர் ரெசிஸ்டரை எரிக்கத்தான் செய்யும், வேறு வழியாக. ரெசிஸ்டரை ஏன் காற்றுக் குழலுக்குள்ளே பொருத்தியிருக்கிறார்கள்? அது ஒரு சிறிய ஹீட்டர். ப்ளோயர் தள்ளும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. இரண்டாவது வேகத்தில் 6 ஆம்பியர் ஓடி, சுருளின் மின்தடை 1.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 6ஐ 6ஆல் பெருக்கி 1.1ஆல் பெருக்க, ஏறக்குறைய 40 வாட் சூடு. காற்று நின்றால் அந்தச் சூடு போக இடமில்லை. அதே சுருளில், மோட்டார் இறுகியதால் 8 ஆம்பியர் ஓடினால் சூடு 70 வாட்டாகிவிடுகிறது. ஆம்பியர் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கே சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால் காற்றும் குறைந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வெப்ப ஃபியூஸ் தாங்காது.

பதிவு 8 – மதுரை

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். அழுக்குத்தான், ஆனால் அடைப்பு இல்லை. வண்டி இரவும் பகலும் வேப்பமரத்தடியில் நிற்பதால் சருகுத்துணுக்குகள் நிறைய இருந்தன.

அளக்கத் தொடங்கியபோது ஒன்று புரியாமல் நிறுத்திவிட்டேன். ஃபேன் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறது, ஃபேன் ஓடவில்லை. ஆனால் மோட்டாரின் இரண்டு ஒயர்களிலும் மீட்டர் 12.4 வோல்ட் காட்டுகிறது. எர்த் ஒயரில் எப்படி 12 வோல்ட் வரும்? இதைத்தான் பணிமனையில் பார்த்துவிட்டு ஒயரிங் ஷார்ட் என்று சொல்லியிருப்பார்களோ?

பதிவு 9 – கோவை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

ஷார்ட் இல்லை தம்பி, உங்கள் வண்டியின் அமைப்பே அப்படி. பல ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். பேட்டரி, ஃபியூஸ், ரிலே, மோட்டார், ரெசிஸ்டர், சுவிட்ச், கடைசியில் எர்த் என்பது மின்னோட்டத்தின் பாதை. சுவிட்ச் திறந்திருக்கும்போது மோட்டாரைத் தாண்டியும் 12 வோல்ட் வந்து காத்துக்கொண்டிருக்கும். ஓட்டம் இல்லாததால் எங்கேயும் குறையாது. இதைப் பார்த்துவிட்டு நல்ல ஒயரை வெட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதனால்தான் ஓடாத நிலையில் எடுத்த வோல்ட் கணக்கை நான் நம்புவதில்லை. மல்டிமீட்டர் தனக்கென்று மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதே இல்லை. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். அந்த ஒற்றை இழையால் 15 ஆம்பியரைச் சுமக்க முடியுமா என்பதை மீட்டர் சொல்லாது. 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்பை வைத்தால் பல்பு மங்கி எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடச் சிறந்தது, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டே அளப்பது.

இப்படிச் செய்யுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஃபேன் நான்கில் இருக்கட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ் கம்பத்தில், மறுமுனை மோட்டாரின் பிளஸ் காலில். அங்கே காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்துபோன மின்னழுத்தம். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு மோட்டாரின் மறுகாலிலிருந்து பேட்டரியின் மைனஸ் கம்பம் வரை அதேபோல் பாருங்கள். சுவிட்சும் கப்ளரும் அந்தப் பக்கம் இருப்பதால் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரித்து அளந்து, எந்தத் துண்டில் தொலைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆம்பியருக்கு, ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் க்ளாம்ப் மீட்டர் வேண்டும். ஆனால் விலை குறைந்த க்ளாம்ப் மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தை மட்டுமே அளக்கும், பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை அளக்காது. கேட்டு வாங்குங்கள். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இதைக் கோத்துவிடாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

பதிவு 10 – மதுரை

நண்பர் ஒருவரிடம் சரியான க்ளாம்ப் மீட்டரை இரவல் வாங்கி, தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். பேட்டரி பிளஸிலிருந்து மோட்டார் வரை 0.35 வோல்ட் தொலைகிறது. மோட்டாரின் இரண்டு கால்களுக்கு இடையே 11.9 வோல்ட். மோட்டாரிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 1.85 வோல்ட். மூன்றையும் கூட்டினால் 14.1 சரியாக வருகிறது.

அந்த 1.85ஐப் பிரித்துப் பார்த்தபோது, உருகிய கப்ளரின் அந்த ஒரு காலில் மட்டும் 1.3 வோல்ட், சுவிட்சில் 0.35, எர்த் போல்ட்டில் 0.2. க்ளாம்ப் மீட்டர் காட்டியது 22 ஆம்பியர். இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

பதிவு 11 – சேலம், பாலிடெக்னிக் விரிவுரையாளர்

மிக நேர்த்தியான அளவீடு. நீங்கள் மூன்றையும் கூட்டிச் சரிபார்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. என் மாணவர்களிடம் நான் ஒவ்வோர் ஆண்டும் கேட்பது அதுவே.

கப்ளரின் அந்த ஒரு காலில் 1.3 வோல்ட், 22 ஆம்பியர்: பெருக்கினால் கிட்டத்தட்ட 29 வாட். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடச் சூடான ஒன்றைப் பிளாஸ்டிக் கப்ளருக்குள் செருகிவைத்து நீங்கள் ஓராண்டாக ஓட்டியிருக்கிறீர்கள். காலின் மின்தடை 0.06 ஓம்கூட இல்லை. ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் சாதாரண மீட்டருக்கு அது தெரியவே தெரியாது, மீட்டரின் ஒயர்களே அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஆனால் ஒரு காரணகாரியக் குழப்பம் வரக்கூடாது. கெட்ட கப்ளர் மின்னோட்டத்தைக் குறைக்குமே தவிர, 22 ஆம்பியராக ஏற்றாது. மோட்டாருக்கு 11.9 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது. ஆரோக்கியமான மோட்டாராக இருந்தால் அது 14க்கும் குறைவாக இழுத்திருக்க வேண்டும். ஆகவே முதல் குற்றவாளி மோட்டார். அது இழுத்த கூடுதல் மின்னோட்டத்தில் சூடேறிக் காலின் பிடிப்பு தளர்ந்தது. தளர்ந்ததால் மேலும் சூடேறியது. புதிய ரெசிஸ்டரை ஒவ்வொரு முறையும் தளர்ந்த பழைய கப்ளரிலேயே செருகியதால் ஆயுள் இன்னும் குறைந்தது.

பதிவு 12 – பெங்களூரு

இடைமறித்துக் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கார் தானியங்கி ஏ.சி. கொண்டது. வேகத்தை எதில் வைத்தாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. அணைத்தாலும் சில நேரம் நிற்பதில்லை. இதுவும் ரெசிஸ்டர்தானா?

பதிவு 13 – கோவை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

உங்கள் வண்டியில் ரெசிஸ்டர் இருக்காது. அதே இடத்தில் அலுமினிய இறக்கைகளோடு ஒரு பவர் டிரான்சிஸ்டர் தொகுதி இருக்கும். அது உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் நீங்கள் சொல்வதுபோலத்தான் ஓடும். கட்டளை ஒயரின் வோல்ட், வேகத்தை மாற்றும்போது மாறுகிறதா என்று மீட்டரில் பாருங்கள். மாறினால் தொகுதிதான் கெட்டது, மாறாவிட்டால் ஏ.சி. கட்டுப்பாட்டுப் பலகையைச் சோதிக்க வேண்டும். டெஸ்ட் லேம்பை அந்த மெல்லிய ஒயரில் வைக்காதீர்கள். தொகுதியை மாற்றுவதற்கு முன் மோட்டாரின் ஆம்பியரையும் அளந்துவிடுங்கள். மதுரைத் தம்பிக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும், விலைதான் பல மடங்கு.

பதிவு 14 – மதுரை

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைக் கீழே இறக்கினேன். மூன்று திருகுகள்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே காய்ந்த வேப்பிலைக் காம்புகள் சீப்பில் முடி சிக்கியதுபோல் செருகியிருந்தன. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருந்ததால் சக்கரம் சமநிலை இழந்து ஆடியிருக்க வேண்டும். அவற்றை எடுத்துவிட்டு விரலால் சுண்டிப் பார்த்தேன், அரைச்சுற்றில் நின்றுவிட்டது. அச்சுக் கம்பி, அதைத் தாங்கும் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் மோதிரம்போல் துரு வளையம். மோட்டாரின் உறையில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் வழிந்த வெண்மையான தடமும் இருந்தது. முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தட்டியைக் கழற்றியபோது, மழைநீர் வடியும் துளை சருகுமண்ணால் முழுவதும் அடைபட்டிருந்தது. நிரம்பிய நீர் ப்ளோயரின் வாய்க்குள் இறங்கியிருக்கிறது.

எண்ணெய் விட்டால் போதுமா, மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதிவு 15 – கோவை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

எண்ணெய் விட்டால் சில வாரங்கள் ஓடும். பிறகு அந்த எண்ணெயே பிரஷ் தூளோடு சேர்ந்து பசையாகும். துரு பிடித்த புஷ்ஷுக்கு மோட்டாரை மாற்றுவதுதான் சரி. கப்ளரையும் நான்கு அங்குல ஒயரோடு புதிதாக வாங்குங்கள். பழைய ஒயரில் கருகி விறைத்த பகுதியை, செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டிவிடுங்கள். கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிற்காது. முறுக்கி டேப் ஒட்டுவது இந்த இடத்துக்கு உதவாது. அளவான ஸ்லீவை (உலோகக் குழலை) வைத்துக் கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கி இறுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். ஒயரின் தடிமன் பழையதைவிடக் குறையக்கூடாது.

புதிய ரெசிஸ்டரைக் கடைசியாகச் செருகுங்கள். அதற்கு முன் நான்காவது வேகத்தில் ஆம்பியரைப் பாருங்கள்.

பதிவு 16 – திருநெல்வேலி

என் கோளாறு தீர்ந்தது. முன்பக்க ஃபேன் சுற்றவே இல்லை. அதன் ரிலேயை, அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயோடு மாற்றிச் செருகியவுடன் ஃபேன் ஓடியது. புதிய ரிலே போட்டாகிவிட்டது.

பதிவு 17 – மதுரை

புதிய மோட்டார், புதிய கப்ளர், எல்லாவற்றுக்கும் பிறகு புதிய ரெசிஸ்டர் என்ற வரிசையில் போட்டு முடித்தேன். வடிகால் துளையையும் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது டயரின் பக்கமாக வெளியேறுவதைப் பார்த்த பிறகே தட்டியை மூடினேன். முழு வேகத்தில் இப்போது 14.2 ஆம்பியர். பேட்டரியில் அதே 14.1 வோல்ட்; மோட்டாருக்கு 13.3 போய்ச் சேர்கிறது. பிளஸ் பக்கம் 0.25, எர்த் பக்கம் 0.55, அதில் கப்ளரின் பங்கு 0.08 மட்டும். இரண்டாவது வேகத்தில் 5.9 ஆம்பியர். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கப்ளரைக் கையால் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. ஒயரிங்கை மாற்றவில்லை.

வண்டியை வேப்பமரத்தடியிலிருந்து மாற்ற வழியில்லை. ஆகையால் தட்டிக்கு அடியில் கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். அது காற்றைத் தடுக்கிறதா என்பதைப் பார்க்க, வலையோடும் வலையில்லாமலும் ஆம்பியரை அளந்தேன், மாற்றம் இல்லை.

பதிவு 18 – கோவை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

வலையை ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை எடுத்து உதறிவிடுங்கள் தம்பி. சருகு அதன் மேல் சேர்ந்தால் தண்ணீர் மறுபடியும் தேங்கும்.